அதிர்வால் உணரும் இசை: காதுகேளாதோரும் தாழ்ந்த ஒலிகளும்

காதுகேளாதோர் பலர் இசையைத் தோல், எலும்பு, பாதம், நெஞ்சுக்கூடு ஆகியவற்றின் வழியாக அதிர்வாக உணர்ந்து மகிழ்கின்றனர். கிளப்புகளில் ஒலிக்கும் பாஸ் மிகுந்த நடன இசையும், நம் ஊர்த் திருவிழாக்களில் முழங்கும் பறை, தவில் போன்ற தோற்கருவிகளும் இவ்வாறு உணர்வதற்கு ஏற்றவை. ஆனால் காது கேளாதவருக்கு இசை எதற்கு என்ற எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது. அதனால் பள்ளிகளில் இசை வகுப்பின்போதும் ஆண்டுவிழா நடனத்தின்போதும் இக்குழந்தைகள் ஓரமாக உட்காரவைக்கப்படுவது உண்டு. அந்த எண்ணம் ஏன் தவறு என்பதை அறிவியலும், காதுகேளாத கலைஞர்களின் வாழ்க்கையும் காட்டுகின்றன.

தோல் உணரும் ஒலி

ஒலி என்பது ஒரு பொருளின் அதிர்வு காற்றிலோ திடப்பொருளிலோ பரவுவதாகும். ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை அதிர்வெண் எனப்படும். இதன் அலகு ஹெர்ட்ஸ். குறையற்ற காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். தோலின் எல்லை இதைவிடக் குறுகியது. அது ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளையே உணரும். தோலின் ஆழத்தில் உள்ள பசினியன் உணர்வுறுப்புகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் அளவில் மிகக் கூர்மையாக இயங்குகின்றன. மேலடுக்கில் உள்ள மெய்ஸ்னர் உணர்வுறுப்புகள் அதைவிட மெதுவான அதிர்வுகளை உணர்கின்றன.

பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகள் ஏறத்தாழ 250 ஹெர்ட்சுக்குக் கீழ் அமைந்தவை. எனவே அவை தோலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. புல்லாங்குழலின் மேல் சுரங்களும், பாடல் வரிகளின் மெய்யெழுத்து ஒலிகளும் இவ்வாறு எளிதில் எட்டுவதில்லை. மேலும், காதுகேளாதோர் எல்லாரும் முற்றிலும் கேளாதவர்கள் அல்லர். பலருக்குத் தாழ்ந்த ஒலிகளில் சிறிதளவு கேட்கும் திறன் எஞ்சியிருக்கும். கிளப் இசை அவர்களைக் காதின் வழியாகவும் தோலின் வழியாகவும் சென்றடைகிறது.

மூளையின் பங்கு

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீன் ஷிபாட்டா தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். காதுகேளாத மாணவர்களின் கைகளில் அதிர்வை உண்டாக்கியபோது, மற்றவர்களுக்கு ஒலியைக் கேட்கப் பயன்படும் மூளைப் பகுதியும் அவர்களிடம் இயங்கியதை ஸ்கேன் படங்கள் காட்டின. காதிலிருந்து செய்தி வராத நிலையில் அப்பகுதி சும்மா இருந்துவிடுவதில்லை. தொடு உணர்வைக் கையாளும் வேலையை ஏற்றுக்கொள்கிறது.

பண்ணைப்புரமும் பாஸ் கிட்டாரும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரம், இசையமைப்பாளர் இளையராஜா 1943இல் பிறந்த ஊர். அவருடைய பாடல்களில் பாஸ் கிட்டார் வெறும் துணைக் கருவியாக நில்லாமல், தனியொரு மெட்டாகவே பாடலோடு நடந்துவரும். நான்கு தந்திகள் கொண்ட பாஸ் கிட்டாரை வழக்கமான முறையில் சுருதி சேர்த்தால், அத்தந்திகள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும். நான்கும் தோலால் உணரக்கூடியவை. ஆகவே, பாடகரின் குரல் எட்டாத ஒருவரையும் அதே பாடலின் பாஸ் எட்ட முடியும்.

இதற்கு ஒலிபெருக்கியும் பொருத்தமாக இருக்க வேண்டும். மரத்திலும் கம்பத்திலும் கட்டப்படும் கூம்பு வடிவக் குழாய் ஒலிபெருக்கி பேச்சை நெடுந்தூரம் கொண்டுசெல்லும். ஆனால் பாஸ் ஒலிகளை அது ஏறக்குறைய விட்டுவிடும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியும் அப்படியே. பெரிய பெட்டி ஒலிபெருக்கிகளில் உள்ள வூஃபர் மிகுதியான காற்றை முன்னும் பின்னும் தள்ளுவதால்தான் நெஞ்சும் தரையும் அதிர்கின்றன.

மின்சாரம் வருவதற்கு முன்பே இந்த அதிர்வு நம் ஊர்களில் இருந்தது. பறையின் அடியை அருகில் நிற்பவர் நெஞ்சில் உணர்வார். தவிலின் ஒரு பக்கமான வலந்தலை உயர்ந்த ஒலியையும், குச்சியால் அடிக்கப்படும் தொப்பி தாழ்ந்த ஒலியையும் தருகின்றன. உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது தொடர்ச்சியான அதிர்வு எழுகிறது. மேளக்காரரின் கை அசைவைக் கண்ணால் பார்ப்பதும் தாளத்தைப் பிடிக்க உதவுகிறது.

காதுகேளாத கலைஞர்கள்

ஸ்காட்லாந்தில் 1965இல் பிறந்த எவலின் கிளெனி, 12 வயதுக்குள் பெரும்பாலும் கேட்கும் திறனை இழந்தவர். பள்ளியில் அவருடைய தாளக்கருவி ஆசிரியர் ரான் ஃபோர்ப்ஸ், இசையறைச் சுவரில் கைகளை வைக்கச் சொல்லிவிட்டுப் பெரிய முரசுகளை ஒலிக்கச் செய்தார். தாழ்ந்த ஒலிகளைக் கால்களிலும் பாதங்களிலும், உயர்ந்த ஒலிகளை முகம், கழுத்து, மார்பு ஆகிய இடங்களிலும் உணர்வதாகக் கிளெனி விளக்கியுள்ளார். அதிர்வை உணர்வதற்காகப் பல நேரங்களில் வெறுங்காலுடன் வாசிப்பார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் முரசு வாசித்ததை உலகமே பார்த்தது.

சீனாவின் தாய் லிஹுவா இரண்டு வயதில் கேட்கும் திறனை இழந்தார். பள்ளியில் ஆசிரியர் அடித்த முரசின் அதிர்வு மரத்தரை வழியாகக் காலில் ஏறியபோதுதான் அவருக்கு நடனத்தில் ஈடுபாடு பிறந்தது. பின்னாளில் காதுகேளாத கலைஞர்கள் ஆடும் 'ஆயிரங்கை போதிசத்துவர்' நடனத்தின் முதன்மைக் கலைஞரானார். 2004இல் ஏதென்ஸ் பாராலிம்பிக் நிறைவு விழாவிலும் அந்நடனம் இடம்பெற்றது.

லண்டனில் 2003இல் டிராய் லீ என்னும் காதுகேளாத இசைக்கலைஞர் 'டெஃப் ரேவ்' என்ற நடன நிகழ்ச்சியைத் தொடங்கினார். காதுகேளாதோருக்காகக் காதுகேளாதோரே நடத்தும் நிகழ்ச்சி அது. இத்தகைய இடங்களில் பாஸ் தூக்கலாக இருக்கும். பாடல் வரிகளைச் சைகை மொழியில் நிகழ்த்துவோரும் இருப்பர். இரைச்சலில் பேச முடியாமல் மற்றவர்கள் திணறும் இடத்தில், சைகை மொழி அறிந்தவர்கள் தடையின்றி உரையாடலாம்.

வரம்புகளும் எச்சரிக்கையும்

அதிர்வு, கேட்டலுக்கு முழுமையான மாற்று அன்று. தாளமும் பாஸும் நன்கு கிடைக்கும். மெட்டின் நுட்பம் அவ்வளவாகக் கிடைக்காது. காக்ளியர் கருவி பொருத்தப்பட்டவர்களுக்கும் தாளம் தெளிவாகவும் சுருதி மங்கலாகவும் தெரிவது வழக்கம். இசையில் விருப்பமில்லாத காதுகேளாதோரும் உண்டு. அது அவரவர் விருப்பம்.

அதிக ஒலி எஞ்சியுள்ள கேட்கும் திறனையும் அழித்துவிடும். இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. பெட்டியின்மீது காதை வைப்பதைவிடத் தள்ளி நின்று கையாலும் காலாலும் உணர்வதே பாதுகாப்பானது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மரப்பெஞ்சின் ஒரு முனையில் தாளம் தட்டி, மறுமுனையில் குழந்தையின் உள்ளங்கைகளை வைக்கச் செய்யலாம். ஊதிய பலூனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பறைக்கு எதிரே நின்றால் அதிர்வு நன்கு தெரியும். சிமெண்டுத் தரையைவிட மரமேடை நன்றாக அதிரும். எனவே பயிற்சியை மேடையிலேயே நடத்தலாம். நடனத்தில் இக்குழந்தைகளை ஆசிரியரின் கையசைவு தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். பாடலின் பொருளைச் சைகையிலோ எழுத்திலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாளம் பிடித்துவிட்டால், அக்குழந்தை மற்றவர்களோடு சேர்ந்தே அடியெடுத்து வைக்கும்.