பி.எட். சேர்றதுக்கு முன்னாடியே படிச்ச பாடம்

இங்கிலீஷ் கிளாஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? கும்பகோணமோ பட்டுக்கோட்டையோ, எங்க படிச்சிருந்தாலும் அநேகமா இதுதான்: டீச்சர் ஒரு வரி வாசிப்பாங்க, தமிழ்ல அர்த்தம் சொல்வாங்க, போர்டுல கேள்வி-பதில் எழுதுவாங்க, நாம மனப்பாடம் பண்ணுவோம்.

அந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்த ஒருத்தர்தான் நாளைக்கு இங்கிலீஷ் டீச்சர். ‘இப்படித்தான் சொல்லிக்கொடுக்கணும்’ங்கிற அவரோட நம்பிக்கையில பாதிக்கு மேல அங்கேயே உருவாகிடுது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-ல ஒரு கணக்கு சொன்னார்: பள்ளிப்படிப்பு முடியறதுக்குள்ள ஒரு மாணவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார். ஆனா பார்த்தது வெளியில நடந்ததை மட்டும்தான். டீச்சர் ஏன் அப்படிச் செஞ்சாங்க, வேற எதை யோசிச்சு விட்டாங்கங்கிறது பெஞ்சுல இருந்து தெரியாது.

இதுக்கு எதிரா நம்ம இரண்டு வருட பி.எட்.ல பள்ளிப் பயிற்சி 20 வாரம். தாராளமா கணக்குப் போட்டாலும் 600 மணி நேரம்தான். அதுலயும், பாபநாசத்துலயோ பேராவூரணியிலயோ ஒரு பள்ளிக்கு சார்ட், ஃபிளாஷ் கார்டோட போற பயிற்சி ஆசிரியர்கிட்ட, “பரீட்சை வருதும்மா, போர்ஷனை முடி”ன்னு சீனியர் சொன்னா? பழைய நம்பிக்கைதான் ஜெயிக்கும்.

இது புதுசு இல்ல. 1960 வாக்குல அன்றைய மதராஸ் மாநிலத்துல 27,000 ஆசிரியர்களை ‘ஸ்ட்ரக்சுரல்’ முறைக்கு மாத்த ஒரு பெரிய முயற்சி நடந்துச்சு. வாக்கிய அமைப்புகளை வரிசையா, வாய்மொழியாப் பழக்குற முறை அது. கொஞ்சப் பேர் கத்துக்கிட்டு அடுத்தவங்களுக்குச் சொல்லணும், அவங்க அதுக்கடுத்தவங்களுக்கு. அதுக்கு வச்ச பேரு ‘பனிப்பந்து’. நம்ம ஊர்ல பனி ஏதுங்க? வாய்க்கால்னு வச்சிருக்கலாம். மேட்டூர்ல திறந்த அளவுக்கா கடைமடைக்குத் தண்ணி வருது? கைமாறி வர்ற முறையும் அப்படித்தான். ‘என்ன செய்யணும்’ வந்து சேரும், ‘ஏன்’ வழியிலேயே வத்திடும்.

பெங்களூரு திட்டம்னு பேசப்படுற ஆங்கிலக் கற்பித்தல் சோதனையை நடத்தின என்.எஸ். பிரபு, 1990-ல எழுதின கட்டுரையில ‘எது சிறந்த முறை?’ங்கிற கேள்வியையே ஒதுக்கிவெச்சார். தான் செய்யறது பலன் தரும்னு டீச்சருக்கே உள்ளூரப் படணும். அது இல்லாம யந்திரம் மாதிரி நடத்துறதுதான் ஆபத்துங்கிறது அவர் வாதம். எனக்கு இது சரின்னுதான் படுது.

அதனால, பி.எட். படிக்கிறவங்களுக்கு ஒரு வேலை. அடுத்த லெசன் பிளானுக்கு முன்னாடி, உங்க எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் பீரியட் ஒண்ணை ஞாபகத்துல இருந்து எழுதுங்க. யார் பேசினா, எவ்வளவு நேரம், கடைசி பெஞ்சு என்ன பண்ணுச்சு, எல்லாத்தையும். அப்புறம் உங்க பிளானைப் பக்கத்துல வச்சுப் பாருங்க.