சேர்ச்சில் கழகச் சிறுவர்

1940 ஏப்ரல் 9 ஆம் நாள் ஜேர்மனியப் படை டென்மார்க்கினுட் புகுந்தது. சில மணி நேரத்திலேயே அரசு பணிந்தது. அயல்நாடாகிய நோர்வேயோ இரு மாதங்கள் போரிட்டது. இவ்வேறுபாடு ஓல்போர்க் நகரப் பள்ளி மாணவர் சிலரின் நெஞ்சைச் சுட்டது. பெரியோர் வாளாவிருக்க, குனுட் பெடர்சனும் தோழர்களும் ‘சேர்ச்சில் கழகம்’ அமைத்தனர். பாதிரியாரான பெடர்சனின் தந்தை வாழ்ந்த பழைய மடாலயமே அவர்கள் கூடுமிடம். துவிச்சக்கர வண்டியே ஊர்தி. ஜேர்மனியரின் துப்பாக்கிகளையே திருடினர். அவர்தம் வாகனங்களுக்குத் தீயிட்டனர். 1942 மே மாதம் பிடிபட்டனர். அப்போது பெடர்சனுக்கு வயது 16. அவ்வயதுப் பிள்ளையை இரவிலே கடைக்கு அனுப்பவும் நாம் தயங்குவோமன்றோ! 1943 ஆகஸ்டில் டென்மார்க் மக்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி எழுந்தபோது, பெடர்சன் இன்னும் சிறையிலேயே இருந்தார்.