கருப்பட்டி முதல் பூண்டு வரை: வீட்டில் செய்யும் ஐஸ்கிரீம் ஏன் கல்லாகிறது? எப்படித் தவிர்ப்பது?

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் தினமும் ஒரு புது ஃபிளேவர் கண்ணில் படுகிறது. கருப்பட்டி ஐஸ்கிரீம், கொய்யா-மிளகாய் ஐஸ்கிரீம், இளநீர் ஐஸ்கிரீம்... இப்போ பூண்டு ஐஸ்கிரீம் வரை வந்தாச்சு. வீடியோவில் ஸ்பூன் வைத்ததும் வெண்ணெய் மாதிரி வழிந்து வருகிறது. நாம் செய்தால் மட்டும் மறுநாள் காலையில் ஃப்ரீசரில் இருப்பது இனிப்பான பனிக்கட்டி! கிரீமுக்குச் செலவழித்த காசும் போச்சு, ஞாயிற்றுக்கிழமையும் போச்சு.

'கண்டதையும் போட்டா இப்படித்தான்' என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால், பெரும்பாலும் தப்பு அந்த ஃபிளேவர் மேல் இல்லை. அதோடு சேர்ந்து உள்ளே வரும் தண்ணீர்தான் வில்லன். தண்ணீரைக் கட்டுப்படுத்தத் தெரிந்தால், நம் சமையலறையில் இருக்கும் எதையும் ஐஸ்கிரீம் ஆக்கிப் பார்க்கலாம். எப்படி?

ஐஸ்கிரீமுக்குள் என்ன இருக்கிறது?

நுண்ணிய பனித்துகள்கள், கொழுப்பு, காற்றுக் குமிழிகள், உறையாமல் நிற்கும் சர்க்கரைப் பாகு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஐஸ்கிரீம்.

பசும்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். அது மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெரிதாக வளரும். ஒரு துகள் சுமார் 50 மைக்ரானைத் தாண்டினாலே நாக்கு அதை 'நறநற' என்று கண்டுபிடித்துவிடும். மெல்லிய தலைமுடியின் தடிமன்தான் அது.

ஐஸ்கிரீம் மெஷினில் கலவையைக் கடைந்துகொண்டே வேகமாகக் குளிரவைப்பதால், துகள்கள் வளர நேரமே கிடைப்பதில்லை. நம் வீட்டு ஃப்ரீசரோ மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கடையும் வசதியும் கிடையாது. மணிக்கணக்கில் நிதானமாக உறைகிறது. அதனால்தான் கல்.

மெஷின் இல்லாத நமக்கு மூன்று விஷயங்கள் கை கொடுக்கும். கொழுப்பு, பனித்துகள்களுக்கு நடுவில் நின்று அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். சர்க்கரை, தண்ணீர் முழுவதும் உறைந்துவிடாமல் தடுக்கும். காற்று, மென்மை தரும்.

'ஹெல்த்தியா இருக்கட்டும்' என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் இனிப்பு மட்டும் குறையாது, ஐஸ்கிரீமும் கெட்டியாகிவிடும். இன்னொன்று, குளிர்ந்த நிலையில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதனால் கலவையைச் சுவைத்துப் பார்க்கும்போது 'கொஞ்சம் தூக்கலா இருக்கே' என்று தோன்றினால், அதுதான் சரியான அளவு.

எந்த கிரீம் வாங்கணும்?

நிறைய பேர் கோட்டை விடும் இடம் இது. கடைகளில் 'ஃப்ரெஷ் கிரீம்' என்று சின்ன டப்பாவில் கிடைப்பதில் பொதுவாக 25 சதவீதம்தான் கொழுப்பு. அதை எவ்வளவு நேரம் அடித்தாலும் பொங்கி நிற்காது. 35 சதவீதம் அல்லது அதற்கு மேல் கொழுப்புள்ள 'விப்பிங் கிரீம்' தேவை. கேக் கடைகளுக்கான 'நான்-டெய்ரி' கிரீம் நன்றாகப் பொங்கும். ஆனால் அது தாவர எண்ணெயில் செய்வது, பெரும்பாலும் சர்க்கரையும் ஏற்கெனவே கலந்திருக்கும். வாங்கும் முன் லேபிளைப் படித்துவிடுங்கள்.

லேபிள் என்றதும் ஒரு தகவல். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, 'ஐஸ்கிரீம்' என்ற பெயரில் விற்கும் பொருளில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். தாவர எண்ணெய் சேர்த்தால் அது 'ஃப்ரோஸன் டெசர்ட்'. கடையில் கப்பைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு பேஸ், ஒரு ஃபிளேவர்: சுக்கு-கருப்பட்டி

முதல் முயற்சிக்கு இதுதான் சேஃப். தேவையானவை: விப்பிங் கிரீம் 250 மி.லி., கண்டென்ஸ்டு மில்க் 120 கிராம், கருப்பட்டி 50 கிராம், சுக்குப் பொடி அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு.

கருப்பட்டியை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிட்டுக் கெட்டிப் பாகாக்குங்கள். சுக்குப் பொடி, உப்பு சேர்த்து முழுசா ஆறவிடுங்கள். ஆறாத பாகை ஊற்றினால் அடித்த கிரீம் உருகிவிடும். வெல்லம், கருப்பட்டி போட்ட பால் சூட்டில் திரிந்துவிடும் என்பதால்தான் வீட்டில் பாயசத்தை இறக்கி ஆறவைத்த பிறகு பாகு சேர்க்கிறார்கள். அதே பாடம் இங்கேயும்.

பாத்திரத்தையும் கிரீமையும் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, பீட்டரால் அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். பிறகு கண்டென்ஸ்டு மில்க்கையும் பாகையும் ஊற்றி, காற்று போகாமல் கரண்டியால் அடியிலிருந்து மேலாக மெதுவாகக் கலக்குங்கள். உயரம் குறைவான, அகலமான டப்பாவில் ஊற்றினால் சீக்கிரம் உறையும். மேற்பரப்பில் பட்டர் பேப்பரை ஒட்டிவைத்து மூடி, 6 முதல் 8 மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள்.

கவனிக்க: கருப்பட்டியும் சர்க்கரைதான். 'கருப்பட்டி போட்டதுதானே' என்று நீரிழிவு உள்ளவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஃபிளேவர் எந்த வகை?

புதுசா எதைச் சேர்க்க நினைத்தாலும் ஒரே ஒரு கேள்வி: இது கிரீமுக்குள் எதைக் கொண்டுவருகிறது?

தண்ணீர் கொண்டுவருபவை: கொய்யா, தர்பூசணி, இளநீர், நுங்கு. கொய்யா விழுதை வடிகட்டி, அடுப்பில் வைத்துப் பாதியாகச் சுண்டவிடுங்கள். ஆறியதும் சேர்த்து, மிளகாய்த்தூளும் உப்பும் ஒரு சிட்டிகை போட்டால் பள்ளிக்கூட வாசல் கொய்யா ஞாபகம் வரும். இளநீரைச் சுண்டவைத்தால் அதன் வாசனையே போய்விடும். அதனால் வழுக்கையை மட்டும் கெட்டித் தேங்காய்ப்பாலோடு அரைத்துச் சேர்க்கலாம். நுங்கை உள்ளே போட்டால் கூழாங்கல் போல உறையும். பரிமாறும்போது மேலே போடுவதுதான் நல்லது.

புளிப்பு கொண்டுவருபவை: புளி, எலுமிச்சை, நெல்லிக்காய். நேரடியாகக் கலந்தால் பால் திரியும். சர்க்கரையோடு கெட்டிப் பாகாகக் காய்ச்சி, உறைவதற்கு முன் கலவையின் மேல் கோடு கோடாக ஊற்றி ஒரே ஒரு சுற்று சுற்றிவிடுங்கள்.

என்சைம் கொண்டுவருபவை: பச்சையாகச் சேர்க்கும் அன்னாசி, பப்பாளி, கிவி. இவற்றில் உள்ள என்சைம்கள் பாலின் புரதத்தை உடைத்து, கசப்பாக்கிவிடும். சர்க்கரையோடு கொதிக்கவைத்து ஆறவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வாசனை மட்டும் கொண்டுவருபவை: ஏலக்காய், மிளகு, கறிவேப்பிலை, காபிக் கொட்டை. இவைதான் ரொம்ப சுலபம். இவற்றின் வாசனை கொழுப்பில் நன்றாக இறங்கும். கிரீமைக் கொதிக்கவிடாமல் லேசாகச் சூடாக்கி, அதில் அரை மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் குளிரவைத்துப் பிறகு அடியுங்கள்.

பூண்டு? அதற்கும் வழி உண்டு. நசுக்கும்போதுதான் பூண்டின் காரமான நெடி உருவாகிறது. முழுப் பற்களாகவே பாலில் வேகவைத்தால் அந்த நெடி வராது. இனிப்பான மணம்தான் மிஞ்சும். பூண்டுப் பால் குடித்தவர்களுக்கு இது தெரியும். வெந்த பிறகு மசித்து, பாலோடு சுண்டவிட்டு, ஆறியதும் சேருங்கள். வெனிசுலாவின் மெரிடா நகரைச் சேர்ந்த கொரொமோட்டோ ஐஸ்கிரீம் கடை, 800-க்கும் மேற்பட்ட ஃபிளேவர்கள் செய்து கின்னஸ் சாதனை படைத்தது. அதன் பட்டியலில் பூண்டும் இருந்தது!

கிரீமே வேண்டாம், பட்ஜெட் இடிக்குதா?

ஒரு லிட்டர் பாலைப் பாதிக்கும் கீழே சுண்டக் காய்ச்சுங்கள். தண்ணீர் ஆவியாகப் போய்விடும். குல்ஃபியின் ரகசியமும் இதுதான். அதில் ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, கொதிக்கவிட்டு, சர்க்கரையும் ஃபிளேவரும் சேர்த்து ஆறவையுங்கள். ஃப்ரீசரில் வைத்த பிறகு முக்கால் மணிக்கு ஒருமுறை எடுத்து நன்றாகக் கிளறினால், பெரிய துகள்கள் உடைந்து மென்மை கூடும். இப்படி மூன்று, நான்கு முறை.

ஃப்ரீசரே இல்லாத காலத்தில்? பனிக்கட்டியோடு உப்பைச் சேர்த்தால் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும். அந்தக் கலவைக்கு நடுவில் பாத்திரத்தை வைத்துக் கையால் சுற்றிக் கடைவார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த நான்சி ஜான்சன், 1843-ல் இதற்கான கைப்பிடி வைத்த கருவிக்குக் காப்புரிமை பெற்றார். மூன்று பங்கு பனிக்கட்டி, ஒரு பங்கு கல் உப்பு என்ற கணக்கில் வீட்டுக் குழந்தைகளோடு இன்றும் செய்து பார்க்கலாம்.

இதில் மட்டும் ரிஸ்க் எடுக்க வேண்டாம்

பச்சை முட்டை சேர்க்கும் ரெசிபிகளைத் தவிருங்கள். ஃப்ரீசரின் குளிர் சால்மோனெல்லா கிருமியைக் கொல்லாது. முட்டை வேண்டும் என்றால், பாலோடு சேர்த்து 71 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வரை கிளறிச் சூடாக்கிப் பயன்படுத்துங்கள்.

கரன்ட் போய் முழுசா உருகிவிட்டதா? மறுபடி உறையவைத்துச் சாப்பிடாதீர்கள். உருகிய நேரத்தில் பெருகிய கிருமிகள் குளிரில் அப்படியே உயிரோடு இருக்கும்.

மல்லிகை, ரோஜா ஃபிளேவர் ஆசை இருந்தால் மாலைக்கு வாங்கும் பூ வேண்டாம். அதில் பூச்சிமருந்து இருக்கலாம். சமையலுக்கான பன்னீர், குல்கந்து போதும். புகை பறக்கும் வீடியோக்களைப் பார்த்து திரவ நைட்ரஜனை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. மைனஸ் 196 டிகிரியில் உள்ள அது தோலையும் உணவுக்குழாயையும் கருக்கிவிடும்.

கடைசியாக ஒரு டிப்ஸ். புது ஃபிளேவரை எடுத்த எடுப்பில் ஒரு டப்பா முழுக்கச் செய்ய வேண்டாம். பேஸ் கலவையை நான்கு சின்ன கிண்ணங்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபிளேவர், வேறு வேறு அளவு என்று போட்டு உறையவையுங்கள். அளவை ஒரு பேப்பரில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். எது ஹிட், எது ஃப்ளாப் என்று மறுநாள் தெரிந்துவிடும். ஃப்ளாப் ஆனாலும் நஷ்டம் ஒரு கிண்ணம்தான்.