தெருவுக்கு வீடற்றோர் காப்பகம் வந்தால் எதிர்ப்பதா, ஏற்பதா?

உங்கள் தெருவில் வீடற்றோர் காப்பகம் (இரவில் தங்க இடமில்லாதவர்களுக்கு நகராட்சி நடத்தும் விடுதி) வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால், மறுநாளே யாராவது மனுவோடு வாசலில் நிற்பார். "ஒரு கையெழுத்து போடுங்கண்ணே, கலெக்டர்கிட்ட கொடுக்கணும்." ராஜபாளையமாக இருந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூராக இருந்தாலும், பேனாவை எடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தங்கப்போவது யார்? பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே பார்த்த முகங்கள்தான். பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலும், அடைத்த கடைப் படியிலும், கோயில் மண்டபத்திலும் படுப்பவர்கள். மூட்டை தூக்குபவர், ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர். 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர்.

நகராட்சி ஏன் இதில் இறங்குகிறது? 1995இல் சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தங்குமிடம் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. 2013இல் தொடங்கி 2024 வரை நடந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிகள், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் அளவுக்கு இடம் வேண்டும் என்றன. ராஜபாளையம் 2011இலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே "காப்பகமே வேண்டாம்" என்ற மனுவுக்குச் சட்டத்தில் பலம் குறைவு.

திருட்டு பயம்? நியாயமான கேள்விதான். அந்த நெறிகளின்படி காப்பகத்துக்கு ஒரு மேலாளரும், மூன்று வேளை மாறி மாறிப் பார்த்துக்கொள்ள மூன்று பணியாளர்களும் வேண்டும். இப்போது உங்கள் தெருமுனையில் படுப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. காப்பகத்தில் அவருக்கு ஒரு பதிவு இருக்கும், கேள்வி கேட்க ஒரு பொறுப்பாளர் இருப்பார். மனநலம் பாதித்துத் திரிபவர்கள் பற்றிய பயத்துக்கும் வழி உண்டு: அவர்களைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவ உதவிக்குக் கொண்டுசெல்லும் கடமை 2017 மனநலச் சட்டப்படி காவல் நிலையத்துக்கு உண்டு.

"சரி, ஊருக்கு வெளியே கட்டட்டுமே?" எல்லோரும் கேட்பது இதைத்தான். காப்பகம் பஸ் நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட் போன்ற இடங்களுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று நெறிகளே சொல்கின்றன. விடியுமுன் லாரியில் சரக்கு இறக்கப் போகிறவர் ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படுக்க மாட்டார். கட்டடம் காலியாகக் கிடக்கும், அவர் மறுபடி கடைப் படிக்கே வருவார்.

வீடுகளை ஊருக்கு வெளியே தள்ளினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை கண்ணகி நகரைப் பாருங்கள். 2000இலிருந்து நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பழைய வேலை தூரமாகிவிட்டது. முகவரியைப் பார்த்தே வேலை தர மறுத்தார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அந்த நகர்ப் பெண் கார்த்திகாதான் கண்ணகி நகர் என்ற பேரை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு பெண் பதக்கம் வாங்கித்தான் ஒரு நகருக்கு நல்ல பேர் வர வேண்டுமா என்ன?

ஒருவேளை வருவது காப்பகம் இல்லை, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (2021 வரை குடிசை மாற்று வாரியம்) அடுக்குமாடி வீடுகள் என்றால்? பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் கட்டுபவற்றில், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, நாட்டில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இல்லாதவர்களுக்குத்தான் வீடு. அதாவது மில் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுபவர், பால்கோவா கடையில் நிற்கும் பெண். அவர்களிடம் தினம் வேலை வாங்கிக்கொண்டு பக்கத்தில் குடியிருக்கக் கூடாது என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் சாதி. மனுவில் மட்டும் அதை "சுகாதாரம்" என்று எழுதுவார்கள்.

உங்கள் மனை விலை இறங்குமா? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைப் பகுதிகளில் இத்தகைய குடியிருப்பு வந்தபின் சுற்றியுள்ள வீட்டு விலை சுமார் 6.5 சதவீதம் ஏறியது, வசதியான பகுதிகளில் சற்று இறங்கியது. நம்மூருக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் விலை விழுந்தே தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

என் கணிப்பில் அக்கம்பக்கத்துச் சண்டையைக் கிளப்புவது ஆட்கள் இல்லை, செப்டிக் டேங்க். ஐம்பது பேருக்கு எத்தனை கழிப்பறை, டேங்க் எவ்வளவு பெரியது, கழிவுநீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், வாறுகால் எங்கே போய்ச் சேரும்? இதைத் திறப்பு விழாவுக்கு முன்னால் கேளுங்கள். நிரம்பி வழிந்தபின் கேட்டால் தண்டனை தங்கியிருப்பவர்களுக்குத்தான் விழும். அடுக்குமாடி என்றால் தண்ணீர் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் யார் பொறுப்பு என்று கேளுங்கள். காப்பகம் என்றால் பெண்களுக்குத் தனி இடமும் தனிப் பூட்டும், வாசல் பலகையில் மேலாளரின் கைபேசி எண்ணும், மேற்பார்வைக் குழுவில் தெருக்காரர் ஒருவரும் வேண்டும் என்று கேட்கலாம்.

எங்கே கேட்பது? வார்டு கவுன்சிலரிடமும், 2022 நவம்பரிலிருந்து நடக்கும் பகுதி சபைக் கூட்டத்திலும். வாய்ச்சொல் போதாது, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் சட்டம்) நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்துடன் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அதனால் ஒன்றும் முடிந்துவிடவில்லை. "காப்பகத்தை எதிர்க்கவில்லை, இந்த வசதிகளோடு வரட்டும்" என்று உங்கள் பெயரில் தனிக் கடிதம் எழுதி நகராட்சி ஆணையரிடம் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.