உங்களுக்குத் தெரியுமா? இருபத்தேழே வருஷத்தில் அழிந்த கடற்பசு

வட பசிபிக் சமுத்திரத்தை ஆராயப் புறப்பட்ட விட்டஸ் பேரிங்கின் ருஷ்யக் கப்பல், 1741-ஆம் வருஷக் கடைசியில், மனித சஞ்சாரமற்ற ஒரு தீவில் ஒதுங்கிச் சேதமடைந்தபோது, அதில் பிரயாணம் செய்த ஸ்டெல்லர் என்னும் ஜெர்மானிய இயற்கை சாஸ்திரி, கரையோரமாகக் கடற்பாசியை மேய்ந்துகொண்டிருந்த, சுமார் 8 மீட்டர் நீளமுள்ள ஒரு விசித்திரப் பிராணியைக் கண்டார். பல்லே இல்லாத அந்தச் சாது ஜந்து, கொம்பு போன்ற தகடுகளால் இரையை அரைத்து விழுங்கிற்று. கொல்லப்பட்ட பெண் பிராணியின் உடல் கிடந்த கரைக்கு அதன் ஜோடி தொடர்ந்து இரண்டு நாள் வந்ததாக ஸ்டெல்லர் எழுதியிருப்பதைப் படிக்கையில், விஞ்ஞானக் குறிப்பைப் படிக்கிறோம் என்பதே நமக்கு மறந்துபோகிறது. இந்தக் கடற்பசுவை உயிரோடு பார்த்து வர்ணித்த விஞ்ஞானி அவர் ஒருவரே. இதன் மாமிசமோ மிக்க ருசியுடையது. ஆகவே, நீர்நாய்த் தோலுக்காகப் பின்னர் அங்கே திரளாகச் சென்ற வேட்டைக்காரர்களுக்கு இதுவே ஆகாரமாயிற்று. 1768-க்குள் வம்சமே நாசமாயிற்று. பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் பிராணி, உருவில் மிகச் சிறியதாயினும், இதன் நெருங்கிய பந்துவாகும்.