ஆஃப் என்னும் சிறு சொல்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். தோட்டத்துத் தாயார் ஒருவர் மடித்த கடிதம் ஒன்றை எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். “சார், எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வாரம் ஆஃப் குடுத்திருக்காங்களாம். ஈப்போவுல தங்கச்சி வீட்டுக்குப் போய் வரலாம்னு இருக்கோம். கடிதாசிய ஒரு தடவை பாத்துடுங்க” என்றார். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி! வாங்கிப் படித்தோம். அது விடுமுறைக் கடிதமன்று. ‘லே ஆஃப்’ என்று எழுதியிருந்தது. இரண்டு வாரத்திற்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்பதே அதன் பொருள்.

அந்தத் தாயார்மீது குறை சொல்வதற்கில்லை. “நாளைக்கு எனக்கு ஆஃப்” என்று சொல்லாதவர் நம்மில் யார்? போதாக்குறைக்கு, அரை நாள் வேலையையும் ‘ஆஃப் டே’ என்கிறோம். அது ‘ஹாஃப்’ என்னும் வேறு சொல். நம் நாவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

‘ஆஃப்’ என்பதன் அடிப்படைப் பொருள் விலகல். வேலையிலிருந்து ஒரு நாள் விலகியிருந்தால் ‘டே ஆஃப்’. சட்டையைக் கழற்றினால் ‘டேக் ஆஃப்’. விமானம் தரையை விட்டு எழுந்தாலும் அதுவே. பயணம் போகிறவரை வழியனுப்புவது ‘சீ ஆஃப்’. ஆனால் எல்லா இடத்திலும் இந்தக் கணக்குச் சரிவராது. விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்துவிட்டது. அலாரக் கடிகாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றாலோ அடிக்கத் தொடங்கிவிட்டது! பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆங்கிலேயருக்கு இதில் சிரிப்பு வருவதில்லை.

பத்திரிகை படிப்போர் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். கூட்டம் ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளி வைத்திருக்கிறார்கள், பிறகு நடக்கும். ‘கால் ஆஃப்’ என்றால் அடியோடு கைவிட்டார்கள். வேலைநிறுத்தச் செய்தியில் இந்த இரண்டும் மாறிப்போனால் மறுநாள் பெரட்டில் வீண் குழப்பம்தான்.

‘பே ஆஃப்’ என்பதற்கும் இரண்டு முகம் உண்டு. கடைக்கடனை ‘பே ஆஃப்’ செய்தால் நிம்மதி. ஆளை ‘பே ஆஃப்’ செய்தார்கள் என்றால், கணக்குத் தீர்த்து வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று பொருள்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். செய்தித்தாள்களில் ‘லே ஆஃப்’ என்பதை நிரந்தரமாக வேலை நீக்குவதற்கும் எழுதுகிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அது வேறு. பெயர் செக்ரோலில் இருக்கும். வேலை மட்டும் கொடுக்கமாட்டார்கள். தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு வந்த விதிமுறைப்படி, தொடர்ந்து வரும் நான்கு வாரத்திற்குள் மொத்தம் 12 வேலை நாட்களாவது வேலையும் கூலியும் இல்லாமல் போனால்தான் அது ‘லே ஆஃப்’. ஓய்வு நாளும் பொது விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரா. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு அப்போது இழப்பீடு உண்டு. சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவானால், ஆண்டுக்கு 10 நாள் கூலி. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள். அதற்கு மேல் 20 நாள்.

ஆகவே பதினொரு நாளுக்கும் பன்னிரண்டு நாளுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. இதைச் சொன்னதும் அந்தத் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப ஈப்போ பயணம் வேணாம் சார். நடுவுல ஒரு நாள் வேலைக்குக் கூப்பிட்டா, ஆள் இல்லேன்னு ஆயிடும்” என்றார். நாங்கள் சொல்ல மறந்ததை அவரே சொல்லிவிட்டார்.

வீட்டு நாட்காட்டியில் வேலையில்லாத ஒவ்வொரு நாளையும் குறித்து வைக்கச் சொன்னோம். கடிதத்தைப் பிறப்புப் பத்திரங்களோடு பத்திரப்படுத்தி, கூலிச் சீட்டையும் சேர்த்துத் தொழிலாளர் இலாகாவுக்கு எடுத்துச் செல்லும்படியும் சொல்லி அனுப்பினோம்.