செடி பச்சைப் பசேல்னு இருக்கு.. காய் மட்டும் பொக்கு! மல்லாட்டைக்கு ஜிப்சம் ஏன் போடணும்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து செஞ்சிக் கோட்டை வீடியோக்கள் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அந்த ராஜகிரி மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் செம்மண் காடுகளில் மழையை நம்பி விதைக்கிற பயிர்தான் வேர்க்கடலை. இந்தப் பக்கம் மல்லாட்டை, மணிலா என்றால்தான் தெரியும்.

செடி நன்றாக வளர்ந்திருக்கும். பிடுங்கினால் கொத்துக் கொத்தாகக் காயும் இருக்கும். உடைத்துப் பார்த்தால் பாதிக் காயில் பருப்பே இருக்காது. மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டையைக் கொண்டுபோனால் வியாபாரி கையில் எடுத்து உடைத்துப் பார்த்துத்தான் விலை சொல்வார். பொக்கு அதிகம் என்றால் அந்தப் பட்டத்து உழைப்பே போச்சு.

யூரியா, டி.ஏ.பி எல்லாம் போட்டும் ஏன் இப்படி?

காரணம் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். இந்தச் சத்தை வேர் உறிஞ்சினாலும், அது தண்ணீரோடு சேர்ந்து மேலே இலைக்குப் போய்விடும். அங்கிருந்து கீழே திரும்பாது. மண்ணுக்குள் இருக்கும் காய் இலை மாதிரி நீரை ஆவியாக்குவதில்லை. அதனால் வேர் எடுத்த கால்சியம் காய்க்குப் போதிய அளவு வந்து சேராது. காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே தோல் வழியாக உறிஞ்சிக்கணும். இலைமேல் தெளிப்பதால் பெரிய பலன் இல்லாததும் இதனால்தான்.

லேசான செம்மண்ணில் இந்தச் சத்து குறைவு. இருந்தாலும், மேல்மண் காய்ந்துவிட்டால் காயால் எடுக்க முடியாது. மானாவாரியில் பொக்கு கூடுவது இப்படித்தான்.

ஜிப்சத்தில் கால்சியமும் இருக்கு, எண்ணெய்ச் சத்துக்கு வேண்டிய கந்தகமும் இருக்கு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 400 கிலோ, ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ. இறவைப் பயிருக்கு 40-45-வது நாள். மானாவாரிக்கு 40 முதல் 75-வது நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது. செடி ஓரமாகப் போட்டு, கொத்தி, மண் அணைக்கணும். அதற்குப் பிறகு களைக்கொத்தியை உள்ளே விடாதீங்க. மண்ணில் இறங்கிய விழுது அறுந்துபோகும். (ரகப் பெயரில் வரும் டி.எம்.வி என்பது நம்ம பக்கத்து ஊர் திண்டிவனம்தான். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்கள் அவை.)

ஆனால் ஜிப்சம் போட்டாலே நிலம் வளமாகிவிடும் என்று நினைத்தால் தப்பு. அதில் தழை, மணி, சாம்பல் எதுவும் கிடையாது. ஈரத்தைப் பிடித்து வைப்பது தொழு உரம்தான். ஏக்கருக்கு 5 டன் போடச் சொல்கிறார்கள். வீட்டில் மாடே இல்லாதவர் அவ்வளவுக்கு எங்கே போவார்? ஆட்டுக்கிடை போடலாம். ஏரி வண்டல் அடிக்கலாம். வண்டலை இலவசமாக எடுக்க 2024-லிருந்து வட்டாட்சியர் அனுமதியே போதும்.

உங்கள் நிலம் சுண்ணாம்பு மண்ணாக இருந்தால் ஜிப்சம் வீண் செலவு. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, முதலில் மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஆடி முதல் தேதி விதைத்தவருக்கு 40-வது நாள் ஆகஸ்ட் கடைசியில் வரும், 75-வது நாள் செப்டம்பர் கடைசியில். இடையில் ஒரு நல்ல மழை பெய்யும் அன்று ஜிப்சம் மூட்டை வீட்டில் தயாராக இருக்கணும். மழை பெய்த பிறகு கடைக்கு ஓடினால், திரும்பி வருவதற்குள் செம்மண் காய்ந்துவிடும்.